கவாசாகி காய்ச்சல் இறங்கிய பிறகு: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்குக் கவாசாகி நோய் என்று சொல்லி, ராத்திரி முழுக்க ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பில் ஏற்றி, "எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதய ரத்தக்குழாய் கொஞ்சம் புடைத்திருக்கிறது, ஆஸ்பிரினை நிறுத்தாமல் கொடுங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? அடுத்த சில மாதங்களை எப்படிக் கடத்துவது என்று குழம்பி நிற்கும் அப்பா, அம்மா, பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மகளுக்கு இந்த நோய் வந்து தேறியதைக் கூட இருந்து பார்த்தவன். அம்மாப்பேட்டையில் குடியிருக்கிறோம், மாமனார் வீடு ஏற்காடு மலையில். மருந்தின் அளவையும் கால வரையறையையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. காய்ச்சல் விட்டு நாலைந்து நாளில் குழந்தை ஓடியாட ஆரம்பித்துவிடும், சோறு கேட்கும், தம்பியோடு சண்டை போடும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். முகம் தெளிவதற்கும் ரத்தக்குழாய் தேறுவதற்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சல் போய்ச் சில வாரங்கள் கழித்துத்தான் புடைப்பு அதன் உச்ச அளவைத் தொடுவதும் உண்டு. "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இன்னும் மாத்திரை?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்பவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

என்ன நடந்தது, சுருக்கமாக

1967-ல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தோமிசாகு கவாசாகி 50 குழந்தைகளிடம் பார்த்ததைத் தொகுத்து எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. மலைப்பனியில் தூக்கிக்கொண்டு போனதால் வந்தது, ஐஸ்கிரீமால் வந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் இல்லை.

உடலெங்கும் உள்ள ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் வெந்துபோகிறது. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரிக் குழாய்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. சுவர் பலமிழந்த இடம், பழைய சைக்கிள் டியூப் ஒரு பக்கம் உப்புவது போலப் புடைத்துக்கொள்கிறது. அங்கே ரத்தம் வேகம் குறைந்து சுழலும். போதாததற்கு, நோயின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ரத்தத்தட்டுகளின் (பிளேட்லெட்) எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையலாம். ஆஸ்பிரின் கொடுப்பது இதற்காகத்தான், காய்ச்சலுக்காக அல்ல.

சிகிச்சையே இல்லாவிட்டால் 4 குழந்தைகளில் ஒன்றுக்குக் குழாய் புடைக்கும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றினால் அது 100-ல் ஐந்தளவுக்குக் குறைகிறது. மருந்து ஏற்றி முடிந்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, விட்டுத் திரும்பி வந்தாலோ, அந்த மருந்து போதவில்லை என்று பொருள். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் திரும்பினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

முதல் படி: ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

"கொஞ்சம் வீக்கம்", "லேசான வீக்கம்" என்ற பேச்சோடு திரும்பி வராதீர்கள். எக்கோ அறிக்கையில் ஒவ்வொரு குழாய்க்கும் எத்தனை மில்லிமீட்டர், அதன் இசட் ஸ்கோர் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எல்.எம்.சி.ஏ., எல்.ஏ.டி., ஆர்.சி.ஏ. என்று குழாயின் பெயர்கள் இருக்கும். அதே உடல் அளவுள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் குழாயோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்வதுதான் இசட் ஸ்கோர். 2 மி.மீ. என்பது நாலு வயதுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. நாலு மாதக் குழந்தைக்குக் கவலைப்பட வேண்டிய அளவாக இருக்கலாம். வெறும் மில்லிமீட்டரை வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

இசட் ஸ்கோர் 2-க்குக் கீழே என்றால் இயல்பு. 2 முதல் 2.5 வரை விரிவு மட்டும். 2.5 முதல் 5 வரை சிறிய புடைப்பு, 5 முதல் 10 வரை நடுத்தரம். 10-ஐத் தொட்டாலோ, அளவு 8 மி.மீ. ஆனாலோ பெரிய புடைப்பு. மருந்து, விளையாட்டு, எத்தனை மாதத்துக்கு ஒரு எக்கோ என்று பின்னால் வரும் எல்லா முடிவும் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. இசட் ஸ்கோர் கணக்குக்கு உயரமும் எடையும் வேண்டும். எக்கோ அன்று இரண்டையும் அளந்து குறித்தார்களா என்று பாருங்கள். பலரும் போன மாத எடையைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

சேலத்தில் எக்கோ எடுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கைக்குழந்தையின் கொரோனரிக் குழாயை அளப்பது தனிக் கைப்பழக்கம். போகும் முன் போனிலேயே கேளுங்கள்: "குழந்தைகளுக்கான இதய மருத்துவர் பார்ப்பாரா? கவாசாகிக்காக எடுக்க வேண்டும், இசட் ஸ்கோர் எழுதித் தருவீர்களா?" இல்லை என்றால் கோவை, சென்னை, பெங்களூரு என்று போவது வீண் அலைச்சல் ஆகாது. ஆனால் ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்தால்தான் போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம் நம்பும்படி இருக்கும். குழந்தை அழுதால் படம் சரியாக வராது. தூங்கும் நேரமாகப் பார்த்து நேரம் வாங்குங்கள், பால் பாட்டிலும் பிடித்த பொம்மையும் பையில் இருக்கட்டும். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம் முன்பிருந்து பால் கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்கோ முறை பொதுவாக இப்படி அமையும்: கண்டுபிடித்த அன்று, அடுத்த 1 முதல் 2 வாரத்தில், பிறகு 4 முதல் 6 வாரத்தில். புடைப்பு வளர்ந்துகொண்டிருந்தால் வாரம் இருமுறைகூட எடுப்பார்கள். பிறகு சிறிய புடைப்புக்கு இடைவெளி நீளும், பெரியதற்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை என்று தொடரும்.

நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். புடைப்புகளில் பாதிக்கு மேல் ஓரிரு வருடத்தில் இயல்பான அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. சிறியவை சீக்கிரம் திரும்பும், மிகப் பெரியவை திரும்புவது அரிது. ஆனால் அளவு திரும்பியது என்றால் சுவர் புதிதாகிவிட்டது என்று பொருளில்லை. உள்புறம் தடித்துத்தான் பல நேரம் குழாய் சுருங்குகிறது. "நார்மல்" என்று எழுதிய பிறகும் வரச் சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாமல் போங்கள்.

இரண்டாம் படி: ஒரு ஃபைல்

செலவில்லாத வேலை, பலன் பெரிது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்கோ அறிக்கை, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைகள், தடுப்பூசி அட்டை. எக்கோ படம் பதிந்த சிடி கிடைத்தால் அதுவும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: காய்ச்சல் தொடங்கிய தேதி, ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய தேதி, எத்தனை கிராம் (எடை ஒரு கிலோவுக்கு 2 கிராம் வழக்கம், 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம்), இப்போது கொடுக்கும் மாத்திரைகள், கடைசி இசட் ஸ்கோர். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள். இரவில் அவசரமாக வேறொரு மருத்துவமனைக்கு ஓடினால், பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

மூன்றாம் படி: ஆஸ்பிரின்

காய்ச்சல் விட்ட பிறகு, ஒரு கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில், நாளுக்கு ஒரு வேளை. குழாய் இயல்பாக இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். புடைப்பு இருந்தால், அது இருக்கும் வரை. நிறுத்துவது மருத்துவர் வாயிலிருந்து வர வேண்டும். சீட்டில் மாத்திரை தீர்ந்துபோனது நிறுத்தச் சொன்னதாக ஆகாது.

கடையில் கிடைக்கும் 75 மி.கி. மாத்திரையில் பாதி என்றுதான் பலருக்கும் சொல்வார்கள். சில மாத்திரைகள் வயிற்றில் கரையாமல் இருக்க மேல்பூச்சு போட்டவை. அவற்றை உடைக்கலாமா, தண்ணீரில் கரையும் வகை இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், காலை இட்லிக்குப் பிறகு கொடுப்பது மறக்காமல் இருக்கவும் வசதி.

இதோடு மோதும் மருந்துகள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைத் தடுத்துவிடும். காம்பிஃப்லாம், ஐபுஜெசிக் பிளஸ் இரண்டிலும் இருப்பது அதுதான். காய்ச்சலுக்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் மெஃப்டால் சிரப்பையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். காய்ச்சலா, பாராசிட்டமால் மட்டும். மலம் கறுப்பாகத் தார் போலப் போனாலோ, மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாரித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்திருந்தால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

நான்காம் படி: அம்மை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

நம் பக்கத்தில் கவாசாகியைக் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்குவதும், ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ஆபத்தைக் கொண்டுவருவதும் ஒன்றே: காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தால் "அம்மை போட்டிருக்கு" என்று சொல்லி, வேப்பிலை கட்டி, மருந்தில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வது. கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் வேண்டிக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நாங்களும் வேண்டிக்கொண்டவர்கள்தான். வேப்பிலையும் இருக்கட்டும், மருத்துவமனைக்கும் போகட்டும்.

காரணம் இது. ஆஸ்பிரின் உடம்பில் இருக்கும்போது சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால், அரிதாக ரேய் சிண்ட்ரோம் என்ற கோளாறு வரலாம். ஈரலும் மூளையும் ஒருசேரப் பாதிக்கப்படும். விடாத வாந்தி, பிறகு அசாத்தியத் தூக்கம், பிதற்றல் என்று போகும். கோடையில் தெருவில், அங்கன்வாடியில், வகுப்பில் யாருக்காவது சின்னம்மை என்று தெரிந்த அன்றே மருத்துவரை அழையுங்கள். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரினை நிறுத்தி, புடைப்பு இருந்தால் அதற்குப் பதில் குளோபிடோக்ரெல் போல வேறு மருந்துக்கு மாற்றுவது அவர் வேலை. நீங்களாக நிறுத்தினால் ஒரு ஆபத்துக்குப் பதில் இன்னொன்று. அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி வையுங்கள். நம் ஊரில் அம்மை வந்த வீட்டைப் பற்றி வெளியே பேசத் தயங்குவார்கள், நீங்கள்தான் முந்திக்கொண்டு கேட்க வேண்டும்.

ஆஸ்பிரின் தொடரும் காலத்தில் வருடம் ஒரு முறை ஃப்ளூ ஊசி போடச் சொல்வார்கள். 6 மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம். வீட்டில் உள்ள பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

தடுப்பூசி

ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். அது உடம்பில் இருக்கும்வரை தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. ஆகவே அவற்றை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். ஊரில் தட்டம்மை பரவினால் மட்டும் மருத்துவர் முன்னதாகப் போட்டுவிட்டு, பிறகு ஒரு முறை மீண்டும் போடுவார். கிராமச் செவிலியர் அட்டையைப் பார்த்து "9 மாத ஊசி பாக்கி" என்று வீட்டுக்கே வருவார், அது அவருடைய கடமை. ஐ.வி.ஐ.ஜி. தேதியை அட்டையிலேயே எழுதி வைத்தால் இருவருக்கும் சங்கடமில்லை. பென்டாவேலன்ட், டி.பி.டி. போன்ற மற்ற ஊசிகளும் போலியோ சொட்டும் வழக்கமான தேதியிலேயே நடக்கலாம்.

பெரிய புடைப்பு உள்ளவர்களுக்கு

இந்தப் பகுதி சிலருக்குத்தான். ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தும் சேரும்: கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி, சற்று வளர்ந்தவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசிட்ரோம். மாத்திரை என்றால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி எடுக்க வேண்டும். பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் உறையும், மேலே ஏறினால் ரத்தம் கசியும்.

கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். தேவையில்லை. முருங்கைக்கீரை, பசலை, கொத்தமல்லி எல்லாவற்றிலும் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்பதுதான் கெடுதல். கஷாயம், லேகியம், நாட்டு மருந்து எதுவும் கேட்காமல் வேண்டாம். வேறு நோய்க்கு ஆன்டிபயாட்டிக் எழுதினால், அதற்கும் ஒரு ஐ.என்.ஆர். எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். பல் பிடுங்குவதற்கும், இடுப்பில், தொடையில் ஊசி போடுவதற்கும் முன்னால் இந்த மருந்தைச் சொல்லிவிடுங்கள். தலையில் அடிபட்டால், வெளியே ரத்தம் இல்லாவிட்டாலும் மருத்துவமனை. சித்திரை வெயிலில் பேதி, வாந்தி என்று உடம்பில் நீர் வற்ற விடாதீர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

எப்போது 108

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றுதான் நமக்குப் பழக்கம். சின்னக் குழந்தைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. திடீரென்று முகம் வெளுத்து வியர்ப்பது, காரணம் புரியாமல் விடாமல் அழுவது, வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, துவண்டு விழுவது, இப்படித்தான் தெரியும். பெரிய புடைப்புள்ள குழந்தையிடம் இதில் ஒன்றைப் பார்த்தாலும் "திருஷ்டி", "செரிக்கல" என்று நேரம் போக்காமல் 108-ஐ அழைத்து, "இதய ரத்தக்குழாய்ப் புடைப்பு உள்ள குழந்தை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நோய் வந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

மலையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரம் நிலையாகத் தேறிவரும் குழந்தைக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பெரிய புடைப்பு என்றால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான சிக்கல் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாத்திரை கொடுத்த கையோடு பஸ் ஏறினால், அடிவாரம் வருவதற்குள் அது வாந்தியில் போய்விடும். காலையில் எக்கோவுக்கு இறங்குகிற நாளில், சேலம் வந்து ஏதாவது சாப்பிட வைத்து மாத்திரை கொடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது உண்டு, குப்பனூர் வழி சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நாகலூர், வெள்ளக்கடை போல உள்ளே தள்ளி இருப்பவர்கள், இரவில் கூப்பிட்டால் வரும் வண்டிக்காரர் ஒருவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பணம்

ஐ.வி.ஐ.ஜி.தான் பெரிய செலவு, அது முடிந்துவிட்டது. ஆஸ்பிரின் மிக மலிவு. இனி எக்கோவும் பயணமும்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். பின்னாளில் ஆஞ்சியோகிராம் வரை போக நேர்ந்தால் உதவும். எந்தச் சோதனை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே கேளுங்கள். செலவு முடியாதவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஃபைலோடு போய்ப் பதிந்துகொள்ளலாம்.

பயப்பட வேண்டாதவை

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் விரல் நுனியில் தோல் உரியும், சிலருக்குக் கையுறை கழற்றுவது போல முழுசாக. அது நோயின் போக்கு, தேங்காயெண்ணெய் தடவினால் போதும். ஓரிரு மாதம் கழித்து நகத்தில் குறுக்கே பள்ளமான கோடு வரும், வளர்ந்து தானே போய்விடும். சிடுசிடுப்பு சில வாரம் இருக்கும். ராத்திரி எழுந்து அழும் குழந்தையை அதட்டாதீர்கள்.

"ஹார்ட்ல ஓட்டையா?" என்று ஊரே கேட்கும். ஓட்டை இல்லை, பிறவிக் கோளாறும் இல்லை, காய்ச்சலால் வந்த ரத்தக்குழாய் வீக்கம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுங்கள். பெண் குழந்தை என்றால் கல்யாணம் வரை கவலைப்படச் சொந்தம் வரிசையில் நிற்கும். நான் அவர்களுக்கு விளக்கம் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

பள்ளிக்கும் அதன் பிறகும்

ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று விஷயம் போதும்: பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை கொடுக்காதீர்கள், வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால் அன்றே சொல்லுங்கள், மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் எங்களுக்கு முன் 108. குழாய் இயல்பாகிவிட்ட குழந்தையை, ஆரம்ப வாரங்கள் தாண்டியபின், விளையாட்டிலிருந்து பிடித்து வைக்காதீர்கள். ஓடட்டும், நீந்தட்டும். பிடித்து வைத்தே வளர்த்த குழந்தைக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் சேர்ந்தால் அந்த இதயத்துக்குத்தான் பாரம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் இரண்டை எடுத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் கபடி, கார்க் பந்துக் கிரிக்கெட் போன்று அடிபடும் ஆட்டங்கள் கூடாது. சைக்கிளுக்கு ஹெல்மெட் வேண்டும்.

மீண்டும் வருமா? அரிது. ஜப்பானில் 100 பேரில் சுமார் மூவருக்குத் திரும்பியிருக்கிறது. ஐந்து நாள் தாண்டும் காய்ச்சல், பீளையில்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெர்ரி போன்ற நாக்கு, வீங்கிய கைகால், பி.சி.ஜி. தழும்பு சிவப்பது இவற்றில் எதைக் கண்டாலும் "முன்பு கவாசாகி வந்த குழந்தை" என்று சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.

புடைப்பு இருந்தவர்கள் ஓரளவு வளர்ந்ததும் டிரெட்மில் போன்ற சோதனைகளும், தேவைப்பட்டால் சி.டி. ஆஞ்சியோகிராமும் வரும். புகையிலை கூடவே கூடாது, ரத்த அழுத்தமும் கொழுப்பும் அவ்வப்போது பார்க்க வேண்டும். 18 வயதில் பெரியவர்களுக்கான இதய மருத்துவரிடம் மாறும்போது அந்தப் பிளாஸ்டிக் ஃபைலைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, எந்தக் குழாய், எவ்வளவு என்று அவர்களையே சொல்லப் பழக்குங்கள். மகள் என்றால், கருத்தடை மாத்திரைக்கு முன்பும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் மகப்பேறு மருத்துவர், இதய மருத்துவர் இருவரையும் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.